செவிநரம்புக் கட்டி அறுவைக்குப் பின் பார்வையும் சமநிலையும்: ஓய்வுக்கு எதிரான ஒரு வாதம்

செவிநரம்புக் கட்டியை அகற்றிக்கொண்டு வீடு திரும்பியவர் கண் மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுகிறார். சீட்டில் 6/6 என்று எழுதப்படுகிறது. அவரே தெருவில் நடக்கும்போது எதிரே வரும் பேருந்தின் ஊர்ப்பெயரைப் படிக்க வேண்டுமானால் நின்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது. நடந்தால் எழுத்து குதிக்கிறது. துணிக்கடையில் வரிசை வரிசையான அடுக்குகளுக்கு நடுவே நின்றால் கிறுகிறுக்கிறது. இருட்டில் கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடிக்கிறார். கண்ணில் குறையில்லை என்று கண் மருத்துவர் சொல்கிறார். கட்டி முழுதாக வந்துவிட்டது என்று அறுவை மருத்துவர் சொல்கிறார். இரண்டும் உண்மை. நோயாளி சொல்வதும் உண்மை. பார்வைக் கோளாறு, சமநிலைக் கோளாறு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதப்படுவது இந்த நோயாளிகளில் பெரும்பாலும் ஒரே கோளாறு என்பதும், அது ஓய்வாலும் தலைசுற்றல் மாத்திரையாலும் நீங்குவதைவிட நீடிப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். நோயாளி எந்த அசைவைக் கண்டு அஞ்சுகிறாரோ அந்த அசைவே, அளவோடும் கண் திறந்த நிலையிலும் செய்யப்படும்போது, மருந்தாகிறது.

எட்டாவது மூளை நரம்பின் சமநிலைக் கிளையைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களிலிருந்து மெதுவாக வளரும் புற்றல்லாத கட்டி இது. வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்பது அதன் மருத்துவப் பெயர். சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடைப்பட்ட மூலையில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு இதுவே. சிறிய கட்டிகளை இன்று பல நேரங்களில் கண்காணித்து மட்டும் வருகிறார்கள், அல்லது கதிர்வீச்சு தருகிறார்கள். அறுவை என்று வந்தால், கட்டியோடு சேர்த்துச் சமநிலை நரம்பும் போய்விடுவதே வழக்கம். அந்த நரம்பு செய்துவந்த வேலை என்ன என்பதில்தான் நம் கேள்விக்கு விடை தொடங்குகிறது. தலை திரும்பியதை உட்செவியின் அரைவட்டக் குழல்கள் உணர்ந்து, அதே வேகத்தில் எதிர்த்திசையில் விழியைத் திருப்பச் செய்கின்றன. இந்த அனிச்சைச் செயலுக்கு 10 மில்லி நொடிகூட ஆவதில்லை. அசையும் பொருளைக் கண்ணால் பின்தொடரும் ஏற்பாட்டுக்கோ சுமார் 100 மில்லி நொடி தேவை. நடக்கும்போது நம் தலை நொடிக்கு இரண்டு முறையளவில் மேலும் கீழும் ஆடுகிறது. அந்த வேகத்துக்குக் கண்ணின் பின்தொடர்தல் ஈடுகொடுக்காது. உட்செவியின் உதவி போனால் படிமம் விழித்திரையில் நழுவும். நழுவல் நொடிக்குச் சில பாகைகளைத் தாண்டியதுமே எழுத்து மங்கிவிடும். இரு பக்கமும் இழந்தால் என்ன ஆகும் என்பதை 1952இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு மருத்துவரே எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் சமநிலை உணர்வை இழந்த அவருக்கு, படுக்கையில் படிக்கும்போது நாடித்துடிப்பின் அதிர்வில்கூடப் பக்கம் ஆடியது. தலையைக் கட்டில் கம்பிகளில் முட்டுக்கொடுத்துத்தான் படித்தார். ஒரு பக்கம் மட்டும் இழந்தவரின் துன்பம் இவ்வளவு கடுமையானதன்று. ஆனால் வகை ஒன்றுதான்: கண் நன்றாக இருந்தும் காட்சி நிலைப்பதில்லை.

அறுவைக்குப் பிந்தைய முதல் நாள்களின் கடும் சுழற்சி வேறொரு காரணத்தால் வருவது. இரு உட்செவிகளும் தலை அசையாதபோதும் இடைவிடாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குரங்குகளில் அளந்தபோது ஒவ்வொரு நரம்பிழையிலும் நொடிக்குச் சுமார் 90 முதல் 100 துடிப்புகள். ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று விழுந்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்புவது போல, ஒரு பக்கத்துத் துடிப்பு நின்றதும் மூளை உடம்பு சுழல்வதாகக் கணக்கிடுகிறது. கண் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு வெட்டி வெட்டித் திரும்புகிறது, வாந்தி வருகிறது. இது சில நாள்களிலிருந்து சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இந்தத் தானான அடக்கத்தைப் பார்த்துத்தான், படுத்து ஓய்வெடுத்தால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. விலங்குச் சோதனைகள் காட்டுவது வேறு. 1977இல் கூர்ஜோன், ஜானரோ ஆகியோரின் குழு, ஒரு பக்க உட்செவி அகற்றப்பட்ட பூனைகளை இருட்டில் வைத்தும் வெளிச்சத்தில் வைத்தும் ஒப்பிட்டது. இருட்டில் இருந்தவற்றுக்குத் தலை அசைவுக்கு ஈடான விழி அசைவு மீளவில்லை. 1988இல் ஃபெட்டர், ஸீ, ப்ராக்டர் மூவரும் ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வும் இதே பக்கம் சாய்ந்தது. அசையாத நிலையின் குறிகள் பார்வை இல்லாமலும் தணிந்தன. அசைவின்போது காட்சியை நிறுத்தும் திறன் மீளப் பார்வை தேவைப்பட்டது. ஆக மீட்சி இரண்டு. ஒன்று தானாக வருகிறது. மற்றொன்று, படிமம் நழுவும் பிழையை மூளை கண்ணால் கண்டு திருத்தினால் மட்டுமே வருகிறது. தலையை அசைக்காமல் கண்ணை மூடிப் படுத்திருப்பவர் அந்தப் பிழையையே மூளைக்குக் காட்டுவதில்லை.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். 1940களில் லண்டனில் அறுவை மருத்துவர் டெரன்ஸ் காதோர்னும் உடலியக்க மருத்துவர் குக்சியும், தலைக்காயத்தாலோ உட்செவி அறுவையாலோ கிறுகிறுத்த நோயாளிகளைக் கூட்டமாக நிறுத்திப் பந்தெறியச் செய்தார்கள்; கண்ணைத் திறந்தும் மூடியும் படியேறி இறங்கச் செய்தார்கள். தலையை ஆட்டியவர்கள் விரைவில் தேறினார்கள் என்பதே அவர்கள் கண்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. அதன்பின் வந்த சான்றுகளில் நம் பொருளுக்கு நேரானவை இரண்டு. 1995இல் சூசன் ஹெர்ட்மனின் குழு, செவிநரம்புக் கட்டி அறுவை முடிந்த சில நாள்களுக்குள்ளேயே தலையசைவுப் பயிற்சி தொடங்கியவர்கள் மருத்துவமனையை விட்டுப் போகும் முன்பே மற்றவர்களைவிடக் குறைவான தள்ளாட்டத்தை உணர்ந்தார்கள் என்று காட்டியது. 2008இல் பெல்ஜியத்தில் வெரீக் குழு செய்த ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆளுக்கேற்ற பயிற்சி தெளிவான பயன் தந்தது. ஒரு பக்கச் சமநிலைக் கோளாறு முழுவதையும் எடுத்துக்கொண்டு 2015இல் வெளியான காக்ரன் தொகுப்பாய்வு 39 ஆய்வுகளையும் 2,441 பேரையும் கணக்கில் கொண்டு, இப்பயிற்சி பயனுள்ளது, தீங்கற்றது என்று முடிவு கண்டது.

இந்தச் சான்று போதாது என்று மறுப்பவர் உண்டு. அவர் கேள்வி நியாயமானதே. செவிநரம்புக் கட்டி பற்றிய தனி ஆய்வுகள் சிறிய குழுக்களை வைத்துச் செய்யப்பட்டவை. வெரீக் ஆய்விலேயே இளையவர்களிடம் பயிற்சி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அப்படியானால் இளையவருக்குப் பயிற்சி வீண் என்று ஆகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவினரும் படுத்துக் கிடந்தவர்கள் அல்லர். எழுந்து நடக்கும்படி பொதுவான அறிவுரை பெற்றவர்கள். இளைஞர் தாமாகவே எழுகிறார், திரும்பிப் பார்க்கிறார், பேருந்து ஏறுகிறார். அன்றாட வாழ்வே அவருக்குப் பயிற்சியாகிவிடுகிறது. ஆகவே அந்த ஆய்வு அசைவையும் அசைவின்மையையும் ஒப்பிடவில்லை. ஒழுங்குபடுத்திய அசைவையும் இயல்பான அசைவையும்தான் ஒப்பிட்டது. இளையவரையும் வீட்டார் ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. விடைக்கு அருகில் இருப்பவை இருட்டில் அடைபட்ட அந்தப் பூனைகள்தாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. உட்செவியை மட்டும் இழந்த விலங்கும் தலைக்குள் கட்டி இருந்த மனிதரும் ஒன்றா? 1917இல் ஹார்வி குஷிங் இக்கட்டிகள் பற்றி எழுதிய நூலில் நோய்க்குறிகள் தோன்றும் வரிசையைத் தந்தார்: முதலில் காது, பிறகு சிறுமூளைத் தள்ளாட்டம், பக்கத்து நரம்புகளின் பாதிப்பு, பிறகு மூளை அழுத்தம் கூடிக் கண்நரம்பு முனை வீங்குதல். மேலைநாடுகளில் ஸ்கேன் வசதியால் இன்று முதற்கட்டத்திலேயே பிடிபடும் கட்டி, நம் நாட்டில் பெரிதான பிறகே அறுவை மேசைக்கு வருவது மிகுதி. வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கிய காலத்திலிருந்து இது இந்திய மருத்துவர்களின் பழகிய முறையீடு. பெரிய கட்டிக்கு விந்தையான ஒரு பலன் உண்டு: அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நரம்பைக் கொன்றுவிடுவதால், மூளை அறுவைக்கு முன்பே இழப்புக்குப் பழகியிருக்கும், அறுவைக்குப் பிந்தைய சுழற்சி குறைவாக இருக்கும். சிறு கட்டிக்காரருக்கு, உயிரோடிருந்த நரம்பு ஒரே நாளில் அறுபடுவதால், சுழற்சி கடுமையாக இருக்கும். ஸ்வீடனில் மக்னூசன் குழு இந்த உண்மையையே சிகிச்சையாக மாற்றியது. காதுக்குள் ஜென்டமைசின் செலுத்தி, அறுவைக்கு முன்பே சமநிலை நரம்பின் வேலையை ஒடுக்கி, பயிற்சியும் தந்து, பிறகு கட்டியை அகற்றினார்கள்; 2007இல் வெளியிட்ட அனுபவத்தில் நோயாளிகள் எளிதாகத் தேறினார்கள். ஆனால் பெரிய கட்டி சிறுமூளையை நசுக்கியிருந்தால் கணக்கு மாறுகிறது. பிழையைத் திருத்திக் கற்கும் இடமே சிறுமூளைதான். கற்கும் கருவியே பழுதானால் பயிற்சியின் பலன் குறையும், நாளும் கூடும். பயிற்சியைக் கைவிட இது காரணமாகாது. தவறான காலக்கெடுவைச் சொல்லி நோயாளியை ஏமாற்றாதிருக்கக் காரணம். அழுத்தத்தால் கண்நரம்பே வாடியிருந்தால் அது உண்மையான பார்வை இழப்பு. எந்தத் தலையசைவும் அதைத் திருப்பித் தராது. அதனால்தான் கண்நரம்பைச் சோதித்து, இது எந்த வகைக் குறை என்று முதலிலேயே பிரித்தறிய வேண்டும்.

கண்ணின் புறப்பகுதியும் இந்த வாதத்துக்குள் வருகிறது. மறுவாழ்வுப் பயிற்சி பற்றி எழுதுவோர் இதை மிகவும் சுருக்கிவிடுவது வழக்கம். முகநரம்பு இக்கட்டியோடு ஒட்டியே ஓடுவதால், அறுவைக்குப் பின் சிலருக்கு ஒரு பக்க முகம் தளர்ந்து இமை மூடாமல் போகிறது. ஐந்தாவது நரம்பும் பாதிக்கப்பட்டால் கருவிழியில் உணர்ச்சியும் குன்றும். தூசி விழுந்தாலும் உறுத்தாத, மூடவும் மூடாத கண் விரைவில் புண்ணாகும். பகலில் சொட்டுமருந்து, இரவில் களிம்பு, இமையை ஒட்டும் பட்டை, தேவையானால் இமையோரத்தைத் தைத்தல் அல்லது மேலிமையில் தங்க எடை பதித்தல் என்று இதற்கு வழிகள் உண்டு. பயிற்சியைவிட இதுவே முதல் கடமை. கருவிழி மங்கிவிட்டால் நழுவலைக் காட்டித்தர வேண்டிய படிமமும் மங்குகிறது. ஆறாவது நரம்பு தளர்ந்து இரட்டைப் பார்வை வந்தால் ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளலாம், கண்ணாடியில் பட்டகம் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கண்ணை மறைத்தால் பயிற்சி கெடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. படிமம் நழுவுவதை உணர ஒரு கண் போதும்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டெமெடில், சின்னரிசின் போன்றவை முதல் சில நாள்களின் வாந்தியையும் சுழற்சியையும் தணிக்கும். அந்நாள்களில் அவை தேவையும்கூட. மாதக்கணக்கில் நீடித்தால், மூளை திருத்திக்கொள்ள வேண்டிய சமிக்ஞையையே அவை மழுக்குகின்றன. முதியவர்க்குக் கைகால் நடுக்கமும் இறுக்கமும் வரக்கூடும். பீட்டாஹிஸ்டின் இந்த வகையைச் சேர்ந்ததன்று, பூனைகளில் அது மீட்சியை விரைவுபடுத்தியது என்பதை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அந்த விலங்குச் சான்று உண்மையே. அதை ஏற்றாலும், மீட்சிக்கு உதவும் மருந்து பயிற்சிக்குத் துணையாகலாமேயன்றிப் பதிலாகாது.

பயிற்சி எல்லாவற்றையும் மீட்கும் என்று சொல்வதும் பொய்யாகும். எஞ்சிய உட்செவி, தலை தன் பக்கம் திரும்பும்போது துடிப்பைக் கூட்டிக்காட்டும். எதிர்ப்பக்கம் வேகமாகத் திரும்பினால் துடிப்பு சுழியம்வரைதான் குறைய முடியும், அதற்குக் கீழே இறங்க இடமில்லை. எனவே அறுவை செய்த பக்கமாகச் சட்டெனத் திரும்பும்போது விழியின் ஈடு என்றும் குறைபட்டதே. 1988இல் ஹால்மஜியும் கர்தாய்ஸும் விவரித்த தலைத்திருப்பல் சோதனை இந்த நிலையான குறையைத்தான் கண்டுபிடிக்கிறது. பயிற்சி பெற்றவரின் மூளை, தலை திரும்பி முடிவதற்குள்ளேயே ஒரு வேகத் தாவலால் விழியைச் சரியான இடத்தில் கொண்டு வைக்கக் கற்றுக்கொள்கிறது. இழந்ததை அது திருப்பித் தரவில்லை. மாற்றுவழி அமைத்துத் தந்திருக்கிறது. அந்த மாற்றுவழிக்கும் ஒரு விலை உண்டு. உட்செவியை நம்ப முடியாத மூளை கண்ணையே அளவுக்கு மீறிச் சார்ந்துவிடுகிறது. நகரும் கூட்டமும் ஓடும் மின்விசிறி நிழலும் கோடுபோட்ட தரையும் நிற்பவரை அசைப்பது இதனால்தான். இதைத் தணிக்கும் வழியும் அதே கூட்டத்துக்குள், அதே கடைக்குள் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போவதுதான். கூட்டத்தையே தவிர்த்து ஒதுங்குபவருக்கு அந்தச் சார்பு இறுகிவிடுகிறது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற வீட்டாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. தையல் ஆறாத நாள்களில் குனிதல், முக்குதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றை அறுவை மருத்துவர் தடுப்பது மூளைநீர்க் கசிவுக்கு அஞ்சித்தான். அந்தத் தடை நிற்க வேண்டும். ஆனால் உட்கார்ந்தபடி கையெட்டும் தொலைவிலுள்ள ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டுவதில் விழ வழியில்லை. மருத்துவர் அனுமதித்ததும் இதைத் தொடங்கலாம். 2022இல் திருத்தி வெளியான அமெரிக்க இயன்முறை மருத்துவ வழிகாட்டி, புதிய பாதிப்பில் நாளுக்கு மொத்தம் 12 நிமிடமேனும், நாள்பட்டதில் 20 நிமிடமேனும் இப்படிச் செய்யச் சொல்கிறது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டும் பயிற்சியைத் தனியாகத் தர வேண்டாம் என்றும் சொல்கிறது. நம்மிடையே "கண் பயிற்சி" என்ற பெயரில் பரவலாகச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே.

அளவிடாத குறை எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பார்வைக் குறை என்பது அசையாமல் உட்கார்ந்து படிக்கும் எழுத்தளவையும் பார்வைப் புலத்தின் அகலத்தையும் கொண்டே வரையறுக்கப்படுகிறது. சமநிலை இழப்பு தனி வகையாக இடம்பெறவில்லை. தலையை ஆட்டியபடி அதே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி எத்தனை வரி குறைகிறது என்று பார்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நரம்பியல் அறுவைத் துறைகள் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அந்த எண்ணையும், பயிற்சி தொடங்க வேண்டிய நாளையும், தலைசுற்றல் மாத்திரையை நிறுத்த வேண்டிய நாளையும் எழுதித்தர வேண்டும்.