கிராகோவுக்கு ஒரு பள்ளிச் சுற்றுலா: என் மாணவி போட்ட திட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு ஒரு கேள்வி நினைவிருக்கும். "ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்கள் எத்தனை பேர்?" ஒரு மதிப்பெண். அறுபது லட்சம் என்று எண்ணில் எழுதினாலும் எழுத்தில் எழுதினாலும் டிக் போட்டுவிடுவேன். அதற்கு மேல் நானும் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. அடுத்த பாடம் ஐ.நா. சபை.

போன வருஷம் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். அங்கே ஒரு பள்ளியில் நம் மாணவி ஒருத்தி வரலாற்று ஆசிரியையாக இருக்கிறாள். 98-இல் பத்தாவது முடித்தவள். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பேட்ச் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கமெண்டில் போட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1991 முதல் யூத இனப்படுகொலை பள்ளிகளில் கட்டாயப் பாடம். அதற்காகப் பிள்ளைகளைப் போலந்துக்கு, கிராகோவ் நகரத்துக்கும் ஆஷ்விட்ஸுக்கும், அழைத்துப்போகிற பள்ளிகள் நிறைய. அவளும் நாற்பது பேரைக் கூட்டிப்போக வேண்டும். "சார், நீங்க எங்களை எத்தனை டூர் கூட்டிட்டுப் போயிருக்கீங்க! இந்தத் திட்டத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

டிராவல்ஸ்காரர் கொடுத்த நான்கு நாள் திட்டம் அது. முதல் நாள் மதியம் போய் இறங்குவது. இரண்டாம் நாள் ஆஷ்விட்ஸ். மூன்றாம் நாள் வியெலிச்கா உப்புச் சுரங்கமும் ஷிண்ட்லரின் தொழிற்சாலையும். நான்காம் நாள் சந்தைச் சதுக்கம், ஷாப்பிங், விமானம். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தானம்மா இருக்கு. பிள்ளைங்க களைச்சுப் போறதுக்கு முன்னாடி முக்கியமானதைக் காட்டிடறாங்க" என்றேன்.

"அப்படிப் போனா, யூதர்னா செத்துப்போனவங்கன்னு மட்டும்தான் சார் பிள்ளைங்களுக்குப் பதியும். அவங்க எப்படி இருந்தாங்கன்னே தெரியாம, எப்படிச் செத்தாங்கன்னு மட்டும் பார்த்துட்டு வந்துருவாங்க."

அதோடு விடவில்லை. நாம் கொச்சிக்குச் சுற்றுலா போனோமே, நினைவிருக்கிறதா? மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூத ஜெபாலயத்தைக் காட்டினேன். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான டைல்ஸ். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடக்கச் சொன்னேன். அன்றைக்கு இவள் என்னிடம், "இங்கே இருந்தவங்க எல்லாம் எங்க சார்?" என்று கேட்டாளாம். "நேரமாச்சு, பஸ்ல ஏறு" என்றேனாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது. 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலானவர்கள் தாங்களாகவே அங்கே போய்விட்டார்கள்; கொச்சி ராஜாக்களின் ஆதரவில் பல நூற்றாண்டு வாழ்ந்தவர்களை இங்கே யாரும் விரட்டவில்லை. இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது எனக்கே தெரியாது என்பதுதான் நிஜம்.

பிப்ரவரி விடுமுறையில் அவளும் உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவரும் ஒத்திகைபோல ஒருமுறை போய்ப் பார்த்துவரப் புறப்பட்டார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். நம் பாஸ்போர்ட்டுக்கு இங்கிலாந்து விசா போதாது, ஷெங்கன் விசா தனியாக வேண்டும். அவள் வகுப்பில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். அதனால் முதல் பெற்றோர் கடிதத்திலேயே பாஸ்போர்ட் விவரம் கேட்டுவிடுகிறாள். யாரும் கடைசி நேரத்தில் விடுபடக்கூடாதே.

கிராகோவில் முதலில் காசிமியெஷ் பகுதி. 1335-இல் மூன்றாம் காசிமிர் மன்னர் தனி நகரமாகவே உருவாக்கியது. 1495-இல் கிராகோவ் யூதர்களை அங்கே குடிமாற்றினார்கள். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது கல்விக்குப் பெயர்போன இடம். போருக்கு முன் நகரத்து மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர்.

அங்கே ரெமு ஜெபாலயம் என்று சின்னக் கட்டடம் ஒன்று. பக்கத்தில் கல்லறைத் தோட்டம், அதில் ரபி மோசே இசெர்லெஸின் சமாதி. 1572-இல் இறந்தவர். இவர் கதையைக் கேட்டபோது எனக்கு நம் உரையாசிரியர்கள் நினைவு வந்தார்கள். ஸ்பெயினில் பிறந்த யோசேப் காரோ என்ற அறிஞர் யூதச் சட்டங்களைத் தொகுத்து ஒரு நூல் செய்தார், 1565-இல் வெனிஸில் அச்சானது. பெயர் 'விரித்த மேசை'. அதில் ஸ்பெயின் வழி யூதர்களின் வழக்கம்தான் தூக்கலாக இருந்தது; போலந்துப் பக்கத்து வழக்கங்கள் இல்லை. இசெர்லெஸ் சண்டை போடவில்லை. அந்நூலுக்கே குறிப்புரை எழுதி, தங்கள் வழக்கங்களை அங்கங்கே சேர்த்து, அதற்கு 'மேசை விரிப்பு' என்று பெயர் வைத்தார். இன்றுவரை இரண்டும் சேர்த்தே அச்சாகின்றன. மட்டாஞ்சேரி ஜெபாலயம் எழுந்ததும் இதே சில ஆண்டுகளுக்குள்தான். அதைக் கட்டியவர்களிலும் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களின் வழி வந்தவர்கள் உண்டு. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் இதைத் தெரிந்துகொள்ள கிராகோவ் வரை போக வேண்டியிருந்தது!

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் உடைந்த கல்வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அரை மணி நேரம் சும்மா விட்டுவிடப்போவதாகச் சொன்னாள். ஆண்பிள்ளைகள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அன்று பார்வையாளர்களுக்கு இடமில்லை. டிராவல்ஸ்காரர் தாளில் காசிமியெஷ் சனிக்கிழமையில் இருந்தது! பயணத்தையே ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதாக மாற்றினாள்.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் கெட்டோக் காட்சிகளைக் காசிமியெஷில்தான் எடுத்தார்கள். அதனால் கெட்டோவே அங்கேதான் இருந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான கெட்டோ விஸ்துலா ஆற்றுக்கு அந்தப்பக்கம், பொட்குஷேவில். 1941 மார்ச்சில் அடைத்தார்கள், 1943 மார்ச்சில் காலி செய்தார்கள். அந்தச் சதுக்கத்தில் இப்போது வெற்று நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. ஓரத்தில் ஒரு மருந்துக்கடை. ததேயுஷ் பான்கியெவிச் என்ற போலந்துக் கத்தோலிக்கர் கெட்டோவுக்குள்ளேயே அதை நடத்தினார். அவர் கொடுத்த பொருள்களில் தலைச்சாயமும் உண்டு. கிழவர் என்று தெரிந்தால் ரயிலேற்றிவிடுவார்கள். நரை தெரியாமலிருக்கச் சாயம். பெரிய வீரக்கதைகளைவிட இந்தச் சாயப் புட்டி பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம்.

மறுநாள் ஆஷ்விட்ஸ். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ஆனால் அவள் நேரே முகாமுக்குப் போகவில்லை. ஆஷ்விட்ஸ் என்பது ஜெர்மானியர் வழங்கிய பெயர். ஊரின் பெயர் ஓஷ்வியெஞ்சிம். முகாமிலிருந்து சில கிலோமீட்டரில் சோலா ஆற்றங்கரையில் இருக்கிறது. போருக்கு முன் ஊர் மக்களில் பாதிக்கு மேல் யூதர்கள். பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் ஊருக்குள் திரும்புவதே இல்லை.

அங்கே மிஞ்சியது ஒரே ஒரு ஜெபாலயம். 2000-இல் அதை யூத மையமாகத் திறந்தார்கள். அதை ஒட்டிய வீட்டில் இருந்த ஷிமோன் க்ளூகர்தான் ஊரின் கடைசி யூதர். முகாம்களிலிருந்து பிழைத்துத் திரும்பி வந்தவர். அவரும் அதே ஆண்டில் இறந்தார். ஹாபர்ஃபெல்ட் குடும்பத்தின் கதையை நான் கேட்டது இந்த ஊரில்தான். 1804 முதல் அங்கே மது ஆலை நடத்திய குடும்பம். 1939-இல் அல்ஃபோன்ஸ் ஹாபர்ஃபெல்டும் மனைவி ஃபெலிசியாவும் தங்கள் சரக்கைக் காட்சிக்கு வைக்க நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போனார்கள். சின்ன மகள் ஃப்ரான்சிஷ்காவைப் பாட்டியிடம் விட்டுப்போனார்கள். வியாபார விஷயமாகப் போகிறவர்கள் குழந்தையை அம்மா வீட்டில் விடுவதில்லையா, அப்படி. கப்பலில் திரும்பி வரும்போது போர் வெடித்துவிட்டது. அவர்களால் ஊர் வந்து சேர முடியவில்லை. 1942-இல் பெல்செட்ஸ் முகாமில் பாட்டியும் பேத்தியும் கொல்லப்பட்டார்கள். பெற்றோர் அமெரிக்காவில் மீதிக் காலத்தைக் கழித்தார்கள்.

என் பேத்தியை மகளிடம் விட்டுவிட்டுத்தான் நான் அந்தப் பயணம் போயிருந்தேன். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத வரவில்லை.

முகாமைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர், அவர்களில் 10 லட்சம் அளவில் யூதர்கள். மற்றவர்கள் போலந்துக்காரர்கள், ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகள். திட்டமிடுகிறவர்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று அருங்காட்சியகமே அறிவுறுத்துகிறது. குழுவுக்கு அவர்களுடைய வழிகாட்டி கட்டாயம், முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். வெட்டிய தலைமுடி வைத்திருக்கும் அறையில் படம் எடுக்கக்கூடாது. தண்டவாளத்தின்மேல் கையை விரித்து நடந்து போட்டோ எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று 2019-இல் அவர்கள் பொதுவில் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லமாட்டேன். கூட்டிவந்தவர் என்ன சொல்லிக் கூட்டிவந்தார்?

27-ஆம் கட்டடத்தில் பெயர்ப் புத்தகம் இருக்கிறது. புத்தகம் என்றால் கையில் எடுக்கிற அளவு அல்ல. ஆள் உயரப் பக்கங்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், பிறந்த ஊரோடு. நான் ஒரு மதிப்பெண்ணுக்கு வாங்கிக்கொண்ட விடை அங்கே தாள் தாளாக நிற்கிறது. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கவே எனக்கு முடியவில்லை.

பிர்கெனாவ் பெரிய வெட்டவெளி. பிப்ரவரிக் காற்றில் முழங்கால் விறைத்துப்போயிற்று. களைத்துப்போன குழுக்கள் நினைவுச்சின்னத்தோடு திரும்பிவிடுகிறார்கள். இவள் எங்களைக் கடைக்கோடிக்கு நடத்தினாள். 'சவுனா' என்கிற கட்டடம், வந்தவர்களின் உடை களைந்து, முடி வெட்டி, கைதியாகப் பதிந்த இடம். உள்ளே சுமார் 2,400 குடும்பப் படங்கள். பென்ஜின் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்தவை. ஓஷ்வியெஞ்சிம் யூதர்களை 1941-இல் வெளியேற்றி அனுப்பிய ஊர்களில் பென்ஜினும் ஒன்று. அங்கிருந்து மறுபடி இங்கேயே ரயிலில் கொண்டுவந்தார்கள். படங்களில் கல்யாணக் கோலம், தொட்டில் குழந்தை, பனிச்சறுக்கு, கடற்கரையில் கும்மாளம். நம் வீட்டு ஆல்பங்களில் இருப்பவைதான். அந்தக் கட்டடத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

விடுதிக்குத் திரும்பியதும் நான் உற்சாகமாக ஒரு ஒர்க்‌ஷீட் எழுதிக் கொடுத்தேன். 'நீ அந்த ரயிலில் வந்த சிறுவன் என்று கற்பனை செய்து நாட்குறிப்பு எழுதுக.' உங்களை அசோகராக, கட்டபொம்மனாக எழுதவைத்த அதே வாத்தியார் புத்தி. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டாள். "இதை யாரும் கற்பனை பண்ணிட முடியாது சார். பண்ணிட்டோம்னு நினைக்கிறதுதான் ஆபத்து. அதோட என் வகுப்புல போருக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளைங்க இருக்காங்க, அவங்களை இதுக்குள்ள தள்ளக்கூடாது." அதற்குப் பதில் ஒவ்வொரு பிள்ளையும் சவுனாவில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதவேண்டும். உள்ளே வர முடியாத பிள்ளை காரணம் சொல்லாமலே வெளியே நிற்கலாம், கூட ஒரு ஆசிரியர் இருப்பார். அன்று மாலை ஷாப்பிங் கிடையாது. உப்புச் சுரங்கம் திட்டத்திலிருந்தே போய்விட்டது. எனக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

முதல் நாள் காசிமியெஷ், அடுத்த நாள் பொட்குஷே, மூன்றாம் நாள் ஊர், பிறகுதான் முகாம். நான்காம் நாள் காலை கிராகோவில் இன்றைக்கும் வாழ்கிற யூதர்களின் சமூக மையத்துக்குப் போய் அவர்களோடு பேசிவிட்டு விமானம். 2008-இல் தொடங்கிய மையம் அது. இந்த அக்டோபரில் கிளம்புகிறார்கள். ஓஷ்வியெஞ்சிம் ஊருக்கு மூன்று மணி நேரம் கேட்டாள், இரண்டுதான் கிடைத்திருக்கிறது.

மட்டாஞ்சேரி சுற்றுலாவில் எடுத்த குரூப் போட்டோ உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? என்னிடம் இருந்ததைக் கறையான் தின்றுவிட்டது. இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவளுக்கு வேண்டுமாம், கிளம்புவதற்கு முன் வகுப்பில் காட்ட.