பூஞ்சண நஞ்சும் பாக்டீரியாவின் நொதியும்



என் பாட்டியார் நிலக்கடலை உடைக்கும்போது, பூசணம் பூத்த பருப்பைத் தனியே ஒதுக்கிவிடுவார். “துடைத்துவிட்டுத் தின்றால் என்ன?” என்று நான் கேட்டதுண்டு. அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஒதுக்கத் தெரியும். அந்தக் காரணத்தை உலகம் உணர்ந்த வரலாற்றையும், அதற்கு மாற்றுத் தேடிய வரலாற்றையும் இன்று கூற விழைகின்றேன்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. நோய் இன்னதென்று விளங்காமையால் அதனை ‘எக்ஸ்’ நோய் என்றே அழைத்தனர். ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கிலே குற்றம் இருக்கக் கண்டனர். அதில் வளர்ந்த அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் நஞ்சைத் தோற்றுவித்திருந்தது. அப்பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கி, நஞ்சுக்கு ‘அஃப்ளாடாக்ஸின்’ என்று பெயரிட்டனர். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயை விளைக்கும், சமையல் வெப்பத்தால் முற்றும் அழியாது. 1974இல் நம் நாட்டில் இராஜஸ்தான், குஜராத் மாநிலச் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 100 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

இந்நஞ்சை நுண்ணுயிர் கொண்டே ஒழிக்க இயலுமா? 1966இல் அமெரிக்காவின் பியோரியா நகர ஆராய்ச்சிக் கூடத்தில் சீக்லர் முதலிய அறிஞர்கள் ஏறத்தாழ 1,000 நுண்ணுயிர்களைச் சோதித்தனர். அவற்றுள் ஃபிளேவோபாக்டீரியம் ஆரண்டியாகம் என்னும் பாக்டீரியா ஒன்றே கரைசலிலிருந்து நஞ்சை மீளாதபடி அகற்றியது. அத்துடன் அவர்கள் மனம் அமையவில்லை. மறைந்த நஞ்சு வேறொரு நஞ்சாக மாறியிருந்தால் என் செய்வது? ஆகவே, தூய்மை செய்த கரைசலை வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். புதிய நஞ்சு எதுவும் தோன்றவில்லை.

எனினும் ஓர் இடர் எஞ்சியது. அந்தப் பாக்டீரியா உணவுக்குச் செம்மஞ்சள் நிறத்தை ஏற்றியது. உயிரை முழுமையாக உணவில் சேர்ப்பதைவிட, அதன் கருவியாகிய நொதியை மட்டும் பிரித்தெடுத்தல் நன்றன்றோ?

அவ்வழி வேறொரு நஞ்சின் திறத்தில் பயன் தந்தது. மக்காச்சோளப் பூஞ்சணம் தரும் ஃபியூமோனிசினைத் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் 1988இல் கண்டறிந்தனர். அது குதிரையின் மூளையையும் பன்றியின் நுரையீரலையும் தாக்குவது. அதன் மூலக்கூற்றில் இரண்டு பக்கக் கிளைகள் உண்டு. ஸ்ஃபிங்கோபிக்ஸிஸ் என்னும் பாக்டீரியாவிடமிருந்து பெற்ற மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தி, அக்கிளைகளைத் துணிக்கும் நொதியை ஆக்கினர். கிளையிழந்த நஞ்சின் வன்மை மிகவும் குன்றிவிடுகிறது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நொதியைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க இசைவளித்தது.

ஆனால் ஒரு நொதி ஒரு பூட்டுக்குரிய திறவுகோலே; ஃபியூமோனிசினை வெட்டுவது அஃப்ளாடாக்ஸினைத் தீண்டாது. ஆதலின் தானியத்தை நன்கு உலர்த்துவதும், ஈரம் புகாமற் காப்பதும், பழுதானதை நீக்குவதுமே இன்றும் முதற் காவல். பாட்டியாரின் விரல் செய்த பணியை அறிவியல் மேலும் நுட்பமாகச் செய்ய முயல்கிறது. நஞ்சு மறைந்ததோடு நில்லாமல், அது என்னவாயிற்று என்று வினவிய அந்த அறிஞர்களின் பண்பை நீங்களும் கைக்கொள்வீர்களாக.