மேலே செல்லும் அறிக்கை, பக்கத்தில் சேராத பாடம்: கதிர்வீச்சு விபத்துகளும் பினாங்குத் தொழிலிடங்களும்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்களின் உட்புறத்தை எக்ஸ்ரே கருவிகள் சோதிக்கின்றன. பினாங்கு மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்க ரேடியோகிராபர்கள் இரிடியம்-192 அடங்கிய கேமராவை வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். இம்மூன்றுக்கும் சட்டம் ஒன்றே: 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம். மேற்பார்வைதான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மருத்துவப் பயன்பாட்டைச் சுகாதார அமைச்சும் மற்றவற்றை அணுசக்தித் துறையும் கவனிக்கின்றன. விபத்து நேர்ந்தால் அறிக்கை உரிமம் வழங்கிய அமைப்புக்கு மேலே போகிறது. அதே தவறு நாளை நிகழக்கூடிய அடுத்த தொழிலிடத்துக்கு அது பாடமாகச் சென்று சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. திரும்பத் திரும்ப ஒரே தவறு

மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்யும் ஆலைகளின் வரலாறு இதற்கு வலுவான சான்று. 1989 பிப்ரவரியில் எல் சல்வடோரின் சான் சல்வடோரில் பெட்டிகள் சிக்கி, கோபால்ட்-60 கதிர்மூலத்தின் தாங்கி நீர்த்தொட்டிக்குள் இறங்காமல் நின்றது. அதைக் கையால் விடுவிக்க உள்ளே போன மூவர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஒருவர் இறந்தார். 1990 ஜூனில் இஸ்ரேலின் சோரெக்கிலும் பெட்டிகள் சிக்கின. கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்தது. கட்டுப்பாட்டுப் பலகையோ கதிர்மூலம் இறங்கிவிட்டதாகக் காட்டியது. இயக்குநர் பலகையை நம்பி உள்ளே சென்றார்; 36 நாள்களில் இறந்தார். 1991 அக்டோபரில் பெலாரஸின் நெஸ்விழிலும் சிக்கலை நீக்கப் போனவர் உயிரிழந்தார். மூன்று ஆண்டுகள், மூன்று நாடுகள். சிக்கிய பெட்டியை எடுக்கும் அவசரம் மட்டும் ஒன்றே.

பழைய இரும்புக் கடைகளின் கதையும் இத்தகையதே. 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிரகானில், பாதுகாப்பின்றி வைக்கப்பட்டிருந்த சிகிச்சைக் கருவியின் கோபால்ட்-60 கதிர்மூலம் பழைய இரும்புக் கடையில் பிரிக்கப்பட்டது. பத்துப் பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், மூவர் இறந்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமை இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஆயினும் 2010இல், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. அங்கும் ஓர் உயிர் போயிற்று. பாடம் அச்சில் இருந்தது. கருவியை ஏலம்விட்டவர்களின் கைக்கு அது வந்து சேரவில்லை.

2. நம் நாட்டு அனுபவம்

2018 ஆகஸ்ட் 10 அன்று சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குப் பிக்கப் வண்டியில் கொண்டுசெல்லப்பட்ட 23 கிலோ எடையுள்ள இரிடியம்-192 கருவி காணாமற்போனது. கருவியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் இதிலிருந்து கேட்டறிய வேண்டியவை உண்டு: எப்படிப் பூட்டுவது, வழியில் எத்தனை முறை சரிபார்ப்பது, வண்டியைவிட்டு எப்போது அகலலாம்.

கதிர்வீச்சு பற்றிய தகவல் எட்டாதபோது மக்கள் நீதிமன்றத்தை நாடுகிறார்கள். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் வழக்காடினார்கள். பினாங்கிலிருந்து சகாபாட் ஆலாம் மலேசியாவும் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அவர்களுக்குத் துணை நின்றன. 1992இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1994இல் நிறுவனமே ஆலையை மூடியது. ஒளிவுமறைவு தொழிலுக்கும் நன்மை செய்வதில்லை.

3. தடைகளும் வழியும்

விபத்தைச் சொன்னால் பெயர் கெடும், உரிமம் பறிபோகும் என்று நிறுவனங்கள் அஞ்சுகின்றன. இந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் தண்டனைக்கான விசாரணையையும் பாடம் பகிர்வதையும் தனித்தனியே வைக்க வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகச் சர்வதேச அணுசக்தி முகமை நடத்தும் சாஃப்ரான் திட்டம் மருத்துவமனையின் பெயரை வெளியிடாமலே நிகழ்வுகளைத் திரட்டுகிறது. மயிரிழையில் தப்பியவையும் அதில் சேரும். நம் நாட்டிலேயே தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை மரண விபத்துகளின் சுருக்கத்தைப் பொதுவில் வெளியிடுகிறது. கதிர்வீச்சுக்கு மட்டும் அது முடியாது என்பதற்குக் காரணமில்லை.

கருவிக்குக் கருவி வேறுபடுமே என்று மறுக்கலாம். உண்மைதான்: எக்ஸ்ரே கருவி மின்சாரத்தை நிறுத்தினால் அடங்கிவிடும்; கோபால்ட் அடங்காது. ஆனால் சிக்கிய பொருளை எடுக்கப் பாதுகாப்புப் பூட்டை மீறும் கையும், ஒலிக்கும் மணியைப் பழுதென்று ஒதுக்கும் மனமும் எங்கும் ஒன்றே. சோரெக் தரும் பாடத்தை ஒரே வரியில் சொல்லலாம்: இரண்டு குறிகள் முரண்பட்டால் ஆபத்தைச் சொல்வதையே நம்பு, கதிரை அளக்கும் சர்வே மீட்டர் இல்லாமல் உள்ளே போகாதே.

ஆகவே பினாங்கின் மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், ரேடியோகிராபி நிறுவனங்கள் ஆகியவற்றின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள் இருதுறை வேலியைத் தாண்டி ஒன்றுகூட வேண்டும். நடந்தது என்ன, ஏன் நடந்தது, பிறகு எதை மாற்றினோம் ஆகிய மூன்றுக்கும் விடை, பெயர் நீக்கிய ஒரு பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றோடு வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மொழிகளிலும் இருக்க வேண்டும். ஏனெனில் சான் சல்வடோரில் கதிர் பட்டது, அறிக்கை எழுதும் அதிகாரிமேல் அன்று. சிக்கிய பெட்டியை எடுக்கப் போன தொழிலாளிமேல்.