இயற்பியலில் கடினமான பகுதிகள் எவை? ஏன்?

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள்கூட பிளஸ் 1-ல் அறிவியல் பிரிவை எடுக்கத் தயங்குகிறார்கள். கேட்டால், "பிசிக்ஸ் வராது" என்கிறார்கள். நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 180 இயற்பியலுக்கு உரியவை. ஜேஇஇ முதன்மைத் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு இயற்பியல்தான். ஆகவே இந்தத் தயக்கம் மருத்துவம், பொறியியல் ஆகிய இரண்டு வாசல்களையும் அடைத்துவிடக்கூடியது.

உண்மையில் இயற்பியல் முழுவதும் ஒரே மாதிரி கடினமானதல்ல. கடினத்திற்கு மூன்று காரணங்கள் உண்டு. அன்றாட அனுபவம் நமக்கு ஏற்கெனவே தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்திருப்பது ஒன்று. தேவையான கணிதம் கைவசம் இல்லாதது இரண்டு. மனத்தில் படமாகக் கொண்டுவர முடியாதது மூன்று. எந்தப் பகுதியில் எந்தக் காரணம் தடுக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சுமை குறையும்.

இயக்கவியல்

எளிது என்று நினைத்து ஏமாறும் பகுதி இது. பந்து ஒன்றை மேலே எறிகிறோம். கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும் பந்தின் மீது எந்த விசை செயல்படுகிறது? பலரும் "மேல்நோக்கிய விசை" என்பார்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், அதன் மீது செயல்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டுமே. தள்ளுவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் அது நின்றுவிடுவதைப் பார்த்தே வளர்ந்ததால், இயங்கும் பொருளுக்கு எப்போதும் விசை தேவை என்று மனம் நம்புகிறது. அதை நிறுத்துவது உராய்வு என்பதை மறந்துவிடுகிறோம்.

1992-ல் டேவிட் ஹெஸ்டெனஸ் குழுவினர் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் கணக்கே கிடையாது, கருத்து மட்டும்தான். கணக்குகளைச் சரியாகப் போடும் மாணவர்களும் இத்தகைய கேள்விகளில் தடுமாறுவதை ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூர் தம் வகுப்பிலேயே கண்டார்.

அனுபவம் தரும் இத்தகைய மயக்கம் பழையது. பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிர் பொருளைத் தொடுவதுதான் என்று யூக்ளிடும் தாலமியும் எழுதினார்கள். பஸ்ராவில் பிறந்த இப்னு அல்ஹைதம், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதை மறுத்தார். பலமான ஒளியைப் பார்த்தால் கண் வலிப்பதைச் சுட்டி, ஒளி பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவினார்.

மின்காந்தவியல்

பிளஸ் 2 மாணவர்களை அதிகம் திணறடிக்கும் பகுதிகளில் ஒன்று. மின்புலமும் காந்தப்புலமும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றின் திசைகளை மூன்று பரிமாணங்களில் நினைத்துப் பார்க்க வேண்டும். தவறான எண்ணங்களும் சேர்ந்துகொள்கின்றன. பல்பு மின்னோட்டத்தைத் 'தின்றுவிடுகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். பல்புக்குள் போகும் அதே அளவு மின்னோட்டம்தான் வெளியே வருகிறது, செலவாவது ஆற்றல். ஜேம்ஸ் மேக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவை 20 சமன்பாடுகள். பின்னர் ஆலிவர் ஹெவிசைடு அவற்றை வெக்டர் முறையில் சுருக்கியதால்தான் இன்று நாம் நான்காகப் படிக்கிறோம். வெக்டர் தெரியாமல் இந்தப் பாடத்தைத் தொடுவது சிரமம்.

வெப்ப இயக்கவியல்

அதிகாலையில் இரும்புக் கேட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, மரக்கதவு அப்படி இல்லை. வெளியில் ஒரே இடத்தில் இருந்த இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரும்பு நம் கையின் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் அப்படித் தெரிகிறது. வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பது புரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதற்கு மேல் என்ட்ரோபி வருகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. வாயு செய்யும் வேலையை இயற்பியல் புத்தகம் நேர்க்குறியாகக் கொள்கிறது, வேதியியல் புத்தகம் எதிர்க்குறியாகக் கொள்கிறது. இரண்டும் சரியே. இதை முன்பே சொல்லிவிட்டால் மாணவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ள மாட்டார்.

சார்பியலும் குவாண்டமும்

கல்லூரி நிலையில் மிகக் கடினம் என்று பெயர் பெற்றவை இவை. ஐன்ஸ்டீனே பொதுச் சார்பியலுக்கான கணிதத்தை நண்பர் மார்செல் கிராஸ்மன் உதவியோடுதான் கற்றுக்கொண்டார், 1915-ல் முடித்தார். இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்துவதை இக்கோட்பாட்டின்படியே திருத்துகிறார்கள்.

குவாண்டத்தில் சிக்கல் வேறு. கணக்கு துல்லியமாக விடை தருகிறது. ஆனால் ஓர் எலக்ட்ரான் அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்வதற்கு நம் அனுபவத்தில் உவமையே இல்லை. அதை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபெயின்மனே 1964-ல் ஓர் உரையில் சொன்னார்.

அறிஞர்களுக்கே விடை கிடைக்காத பகுதியும் உண்டு. குழாயில் கொந்தளித்து ஓடும் தண்ணீரின் இயக்கத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பற்றிய அடிப்படைக் கேள்விக்கு, கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

என்ன செய்யலாம்?

முதலில் கணிதம். 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில், பிளஸ் 1 இயற்பியலின் இரண்டாம் பாடத்திலேயே வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. பல மாணவர்கள் ஜூலையிலேயே துவண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். கணிதம் இல்லாத உயிரியல் பிரிவு எடுத்தவர்களின் நிலை இன்னும் சிரமம். பத்தாம் வகுப்பு விடுமுறையில் முக்கோணவியல், வெக்டர், எளிய வகையிடல் ஆகியவற்றைத் தினம் ஒரு மணி நேரம் பழகினால் இந்த இடைவெளி அடைபடும்.

இரண்டாவது, சூத்திரத்தைத் தொடுமுன் விடையை ஊகித்து எழுதி வைப்பது. ஊகம் தவறினால், தவறான நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒருவருக்கொருவர் விளக்குவது. மஸூர் தம் வகுப்பில் கொண்டுவந்த மாற்றம் இதுதான். கேள்வியைக் கேட்டு, பக்கத்து மாணவரோடு விவாதிக்க விட்டார், பலனும் கிடைத்தது. ஒரே தெருவில் படிக்கும் நான்கு பிள்ளைகள் வாரம் இருமுறை கூடிப் பேசினால் இதைச் செலவின்றிச் செய்யலாம்.

பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றே. பிள்ளை "வராது" என்றால், பிரிவை மாற்றுவதற்கு முன் "எந்தப் பாடம், எந்த இடத்தில் நின்றுபோனது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அது கற்றுக்கொண்டுவிடக்கூடிய ஏதோ ஒரு கணிதப் படியாகவோ, திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு தவறான எண்ணமாகவோதான் இருக்கும்.