மோட்டார் சைக்கிள் கார்ப்பரேட்டர்: டியூனிங்கும் வண்டி நின்றுபோதலும்

காற்றையும் பெட்ரோலையும் உரிய விகிதத்தில் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் கருவி கார்ப்பரேட்டர். குறுகிய கழுத்தின் வழியே பாயும்போது திரவத்தின் வேகம் மிகுந்து அழுத்தம் தாழ்கிறது என்னும் தத்துவம், இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரி 1797-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோடு சேர்த்துப் பேசப்படுவது. காற்றுக்கும் அது பொருந்துமாதலால், என்ஜின் இழுக்கும் காற்று கார்ப்பரேட்டரின் கழுத்தைக் கடக்கையில், கீழேயுள்ள ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் நுண்ணிய துவாரங்களின் வழியே மேலெழுந்து தூவலாகிக் கலக்கிறது. கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடைப் பிரமாணத்தில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கலவை 'ரிச்' என்றும், காற்று மிகுந்தால் 'லீன்' என்றும் மெக்கானிக்குகள் வழங்குவர்.

1955-இல் சென்னையில் புல்லட் உற்பத்தியைத் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் இரும்பு என்ஜின் வண்டிகளில், பிற்காலத்தில் இடம்பெற்ற 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் கார்ப்பரேட்டரை இங்கே உதாரணமாகக் கொள்ளலாம். அதன் அமைப்பு எளியது, ஒவ்வொரு பாகத்தின் காரியமும் தனித்துத் தெரிவது. ஆக்ஸிலேட்டர் ஏறக்குறைய மூடியிருக்கையில் பெட்ரோலைக் கொடுப்பது ஸ்லோ ஜெட். சற்றுத் திறந்ததும் ஸ்லைடின் அடியிலுள்ள வெட்டின் உயரம் கலவையை ஆள்கிறது. கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை நீடிலும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் அதிகாரம் செலுத்துகின்றன. இந்த எல்லைகள் ஒன்றோடொன்று சிறிது கலந்தே இருப்பினும், கோளாறு எந்த ஸ்தானத்தில் தோன்றுகிறது என்பதை அறிந்தாலே எந்தப் பாகத்தைக் கழற்றவேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ஆகையால், வண்டி நின்றுபோகிறது என்று சொல்லி வருகிறவரிடம் கைதேர்ந்த மெக்கானிக் முதலில் கேட்பது, எப்போது நிற்கிறது என்பதையே.

ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்ட மாத்திரத்தில் சிக்னலில் அணைந்துபோகும் வண்டியில் ஸ்லோ ஜெட் அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். பல வாரங்கள் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிவதற்கு முதல் இடம் அதுவே. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் வட்டமான ஓர் ஒளிப்பொட்டு விளிம்பு சிதையாமல் தெரியவேண்டும். பிறைபோலக் குறைந்து தெரிந்தால் அழுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள். கம்பியை விட்டுக் குத்துவது பரவலான வழக்கமாயினும் கண்டிக்கத்தக்கது: பித்தளை மிருதுவானது, துவாரமோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம், ஒருமுறை கீறி அகன்றுவிட்டால் அந்த ஜெட் அதன்பின் எந்த அளவுக்கும் கட்டுப்படாது. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து ஊதுவதே முறை.

கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையேயுள்ள இணைப்பில் விரிசலோ தளர்ச்சியோ இருந்து 'ஏர் இழுக்கும்' வண்டியும் இவ்வாறே அணையும். ஆனால் அதில் ஐட்லிங் நிலைகொள்ளாது, ஆக்ஸிலேட்டரை விட்டபின் வேகம் சட்டென்று இறங்காமல் தயங்கும், சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும். ஐட்லிங்கில் ஓடும்போது ஐயமுள்ள இணைப்பின் மேல் கெட்டியான சோப்பு நீரைத் தடவ, ஓட்டத்தில் மாறுதல் தெரிந்தால் கசிவு அங்கேதான். கலவையின் தன்மையை அறிய இன்னொரு சுலபமான உபாயமும் உண்டு: சோக்கைச் சிறிது போடுகையில் என்ஜின் தெளிந்து ஓடினால் கலவை லீன், திணறினால் ரிச். ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டாலும், ஃப்ளோட் நீடில் சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆனாலும் கலவை ரிச்சாகி, பிளக்கின் முனையில் கரி படியும்.

சில கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டு நின்று, சிறிது நேரம் கழித்து ஒன்றும் நேராததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியில், கார்ப்பரேட்டரைத் தொடுவதற்கு முன்பு டாங்க் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டாங்கினுள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைப்படும். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உட்புகும் ஓசையே அதற்குப் போதிய சாட்சி. மழைக்காலத்தில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்ப்பதும் நலம். நீர் கலந்திருந்தால் முத்துமுத்தாக அடியில் உருண்டு நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, அளவு மிஞ்சியபின் தனி அடுக்காகப் பிரித்துவிடுவதால், நெடுநாள் நிறுத்தும் வண்டியில் கிண்ணத்தை வடித்துவிடுவது முன்னைக்காட்டிலும் இப்போது அவசியம்.

சூடேறியபின் மட்டும் நின்று, ஆறியதும் உயிர்பெறும் வண்டியில் குற்றம் பல சமயம் கார்ப்பரேட்டருடையதே அல்ல. பழுதான கண்டென்சர் உஷ்ணத்தில் செயலிழப்பதும், இறுக்கமாக வைத்த டேப்பட்டால் சூட்டில் வால்வு முழுதும் மூடாமற் போவதும் இதே தோற்றத்தைத் தரும். சி.பி. பாயிண்ட், பிளக், டேப்பட் ஆகிய மூன்றையும் சீர்செய்யாமல், ஐட்லிங் கலவையைத் திருத்தும் ஏர் ஸ்குரூவைத் திருகுகிறவர், உண்மைக் காரணத்தை மறைத்து அதன்மேல் இரண்டாவது கோளாறு ஒன்றையும் ஏற்றிவிடுகிறார். டியூனிங் கடைசியில் செய்யவேண்டிய காரியம்.

அதற்கு முன் என்ஜின் நன்கு சூடாகியிருக்கவேண்டும். ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைச் சற்று உயர்த்தி, ஏர் ஸ்குரூவை மெல்ல முடியும்வரை உள்ளே திருகி, பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் சுற்று வீதம் இருபுறமும் திருப்பிப் பார்த்து, என்ஜின் எங்கே மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, உயர்ந்த வேகத்தை ஐட்லிங் ஸ்குரூவால் தணிக்கவேண்டும். இவ்வகைக் கார்ப்பரேட்டரில் ஸ்குரூ உள்ளே போனால் ரிச், வெளியே வந்தால் லீன். என்ஜின் பக்கத்தில் ஸ்குரூ அமைந்த வேறு வகைகளில் இது தலைகீழாகும். இரண்டரைச் சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தும் தெளியாவிடில் ஸ்லோ ஜெட் பெரிது; ஏறக்குறைய முழுதும் மூடினால்தான் ஓடுகிறதென்றால், அது சிறிது அல்லது அடைபட்டது. முடிவில் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். அப்போது வேகம் தானே ஏறினால், ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருந்ததால் இதுவரை செய்த அளவுகளெல்லாம் பொய்த்தன.

சென்னை வெயிலில் வைத்த இந்த அளவு, ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் நிற்காது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் கலவை ரிச்சாகி, ஏற்றத்தில் என்ஜின் திணறும். சில நாள் தங்குகிறவர் ஏர் ஸ்குரூவைச் சிறிது வெளியே எடுத்தால் ஐட்லிங்குக்கு அதுவே போதும். மலையில் குடியிருப்பவர் மெயின் ஜெட்டை ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சமவெளிக்கு இறங்கினால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டாகவேண்டும், இல்லாவிடில் லீனான கலவையில் நெடுஞ்சாலை வேகத்தில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.