தொகுப்பதற்கு முன் நீக்க வேண்டிய பிரேம்கள்

போரில் இழந்த ஒருவரின் முகமும் குரலும் மிஞ்சியிருப்பது, கனடாவிலிருந்து வந்த உறவினர் எடுத்த ஓர் ஒளிநாடாவில் மட்டுமாக இருக்கலாம். அதைக் கணினியில் ஏற்றித் தொகுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்.

இலங்கையின் பால் முறையில் செக்கனுக்கு 25 பிரேம்கள். வட அமெரிக்காவின் என்ரிஎஸ்சி முறையில் 29.97. அங்கு விற்பனையான பனசொனிக் டிவிஎக்ஸ்100, கனன் எச்வி20 போன்ற கமராக்களில் சினிமாவைப் போல 24 பிரேம்களில் எடுக்கும் வசதி இருந்தது. நாடாவில் பதியும்போது நான்கு பிரேம்கள் ஐந்தாக்கப்படும். இதுவே புல்டவுன். ஐந்தில் இரண்டில் அடுத்தடுத்த இரு கணங்களின் வரிகள் கலந்திருக்கும். அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும்.

அசைவுள்ள காட்சியொன்றை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். மூன்று தெளிவு, இரண்டு கோடு என மாறிமாறி வந்தால் அது புல்டவுன். மேம்பட்ட முறையில் பதிந்திருந்தால் ஐந்தில் ஒன்றில் மட்டும் கோடு வரும். எல்லாவற்றிலும் கோடு இருந்தால் அது சாதாரண இடைவரிப் பதிவு. அதில் பிரேம்களை நீக்கினால் அசைவு கெட்டுவிடும்.

புல்டவுன் என்றால் வெட்டுவதற்கு முன்பே நீக்குங்கள். வெட்டியபின் இந்த ஒழுங்கு ஒவ்வொரு வெட்டிலும் குலைந்து, மென்பொருள் தடுமாறும். ஆஃப்டர் எஃபெக்ட்சில் இதற்கான தெரிவு உண்டு. இலவசமான எஃப்எஃப்எம்பெக்கிலும் செய்யலாம். முடிவில் 23.976 பிரேம்கள் கிடைக்கும்.

எதைச் செய்தாலும் பிரதியில் செய்யுங்கள். நாடாவிலிருந்து எடுத்த முதற்கோப்பு மாற்றமின்றி இருக்கட்டும். நாளை அது சாட்சியமாகவும் தேவைப்படலாம்.