மோயர் முனையும் கவுஞ்சிச் சாலையும்

கொடைக்கானல் ஏரியிலிருந்து மேற்கே தூண் பாறை, குணா குகை, பைன் காடு ஆகியவற்றைத் தாண்டினால் மோயர் முனை வரும். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பூம்பாறை, மன்னவனூர் வழியாகக் கவுஞ்சிக்கும், அதற்கு அப்பால் பூண்டி, கிளாவரைக்கும் போகும் பேருந்துச் சாலை. மற்றது பேரிஜம் சாலை. அதன் வாயிலில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது.

மோட்டார் வருவதற்கு முன், கொடைக்கானலுக்கு மேற்கே இந்த ஊர்கள் இருக்கும் மேல்மலையில் மூட்டைகள் மட்டக்குதிரை முதுகிலும் தலைச்சுமையிலும்தான் போயின. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையில் 1910-களில் மோட்டார் வண்டி கொடைக்கானலை எட்டியது. மேற்கே உள்ள ஊர்களுக்கு அதன் பிறகும் நெடுங்காலம் ஒற்றையடிப் பாதைதான்.

பேரிஜம் சாலைக்கு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த கோஷன் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. 1929-இல் அதைத் தொடங்கிவைத்தவர் சர் தாமஸ் மோயர். அதன் நினைவாகச் சாலை பிரியும் இடத்தில் நட்ட கல்லால்தான் அதற்கு மோயர் முனை என்று பெயர் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின் மேல் குண்டு வீசின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். எதிரி வந்து இறங்கினால் மலை வழியே கொச்சிக்குத் தப்பிச் செல்ல வேண்டும் என்று, பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகும் பாதை செப்பனிடப்பட்டது. அதனால் அதற்கு 'எஸ்கேப் ரோடு' என்று பேர் வந்தது. எதிரி வரவில்லை, சாலை மட்டும் நிலைத்தது. தென்னிந்தியாவின் மிக உயரமான மோட்டார் சாலைகளில் ஒன்றாக அது விளங்கியது.

1990-இல் அந்தச் சாலை மூடப்பட்டது. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இருந்த பிணக்கும், காட்டு வழியே நடந்த கடத்தலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஏறத்தாழ 90 கி.மீ.யில் மூணாறு போனவர்கள், போடிமெட்டையோ உடுமலையையோ சுற்றி 160 கி.மீ.க்கு மேல் போக வேண்டியதாயிற்று. பின்னர் கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை 2003-இல் தேசியப் பூங்காவானது. தமிழகப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது. அதைச் சுற்றிய சோலைக்கு நடுவே மீண்டும் வண்டிகளை ஓடவிடக் கூடாது என்ற வாதம் மறுக்க முடியாதது.

ஆனால் ஒரு வாசல் அடைபட்ட பின் மேல்மலை முழுவதற்கும் வெளியுலகம் போக ஒரே வழிதான் மிஞ்சியது. கவுஞ்சியின் பூண்டு அந்த ஒரு சாலையில்தான் இறங்குகிறது. அறுவடையான பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி, மூட்டையாக்கி, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புவார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெற்ற சரக்கும் வழியில் ஒரு மரம் சாய்ந்தால் அங்கேயே நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. சந்தைக்குப் போகும் மூட்டைக்கும் மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணிக்கும் மாற்று வழி இல்லாத நிலை எவ்வளவு கொடியது என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

கிளாவரையிலிருந்து கேரளத்தின் கோவிலூர், வட்டவடைக்குப் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் ஓயவில்லை. அந்தப் பக்கமும் தமிழ் பேசும் ஊர்கள்தான். மூடிய பேரிஜம் சாலையைத் திறப்பதைவிட இது குறுகிய வழி. ஆனாலும் அங்கே 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயம் குறுக்கே இருக்கிறது. இரு மாநில அரசுகளும் வனத்துறைகளும் இசையாமல் ஒரு கல்லும் விழாது.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் விரிந்தது. ஆனாலும் கொடைக்கானலிலிருந்து வரும் பேருந்து கவுஞ்சியைத் தாண்டிக் கிளாவரையில் திரும்பி நிற்கிறது. கோவிலூருக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கிக் காட்டுவழியே நடக்கிறார்கள்.